நார்வே விவசாயிகளின் குடும்ப வரலாறு: தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

1825-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேரை ஏற்றிக்கொண்டு 'ரெஸ்டௌரேஷன்' என்ற சிறிய பாய்மரக் கப்பல் நியூயார்க்குக்குக் கிளம்பியது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேக்காரர்கள் அமெரிக்கா போனார்கள். இவர்களில் ஏராளமானோர் விஸ்கான்சின், அயோவா, மினசோட்டா, டகோட்டா என்று மேற்கே நகர்ந்து, புல்வெளியை உடைத்துக் கோதுமை விதைத்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று வேர் தேடுவதில் மும்முரமாக இருக்கிறார்கள். ஆவணங்களுக்கும் பஞ்சமில்லை. நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டலார்கிவெட்' தளத்தில் பழைய தேவாலயப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அப்படியிருந்தும் தவறான வம்சாவளிகள் மலிந்து கிடக்கின்றன. ஆளைப் பெயரை வைத்துத் தேடுகிறார்கள், பண்ணையை வைத்துத் தேடுவதில்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டு நார்வேயின் கிராமத்து விவசாயிக்கு நிலையான குடும்பப்பெயர் கிடையாது. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஹான்சன். அவருடைய மகன் லார்ஸ், லார்ஸ் ஓல்சன். மகள் அன்னா, அன்னா ஓல்ஸ்டாட்டர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அப்பா பெயரோடுதான் பதிவாவாள். இனிஷியல் வைத்துப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். அமெரிக்க வாரிசுகளோ 'ஹான்சன் குடும்பம்' என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு 1700 வரை ஹான்சன்களாகவே கோத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்ற சட்டமே நார்வேயில் 1923-இல்தான் வந்தது.

தந்தை பெயருக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் வரும். ஹாகென், பாக்கென், லீ, மூன் இப்படி. அது பண்ணையின் பெயர், ஏறக்குறைய முகவரி. ஓலே ஹான்சன் பாக்கென் வேறு பண்ணைக்குக் குடிபோனால் ஓலே ஹான்சன் லீ ஆகிவிடுவார். மனைவிக்குச் சீதனமாகவோ வாரிசுரிமையாகவோ பண்ணை வந்து அங்கே போய்த் தங்கினால், கணவர் பெயரில் மனைவி வீட்டுப் பண்ணை ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கா போன பிறகு ஒரு தம்பி ஹான்சன் என்றே இருப்பார், இன்னொருவர் பாக்கென் என்று வைத்துக்கொள்வார், மூன்றாமவர் ஆங்கிலக் காதுக்கு ஏற்ற மாதிரி வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மூன்று குடும்பப்பெயர்களில் கல்லறைக் கற்களில் கிடப்பார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு பாக்கென் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெயரில் நார்வே முழுக்கப் பண்ணைகள் உண்டு.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பண்ணையின் பெயர் ஒட்டியிருப்பதால் அவர் பண்ணைக்குச் சொந்தக்காரர் என்று நினைத்துவிடுவது. 'ஹூஸ்மன்' எனப்பட்டவர்கள் பெரிய பண்ணையின் ஓரத்தில் குடிசை போட்டு, ஒரு துண்டு நிலத்தை உழுது, அதற்கு ஈடாகப் பண்ணை வேலை செய்தவர்கள். அவர்கள் பெயரிலும் அதே பண்ணைதான் வரும். கடல் கடந்தவர்களில் இப்படிப்பட்டவர்களும் நிலம் கிடைக்காத இளைய மகன்களும் நிறையப் பேர். 1865, 1875 நார்வே மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தொழில் பத்தியைப் பார்த்தால் உடைமையாளரா ஹூஸ்மனா என்று எழுதியிருக்கும். பெருமைக்குக் கொஞ்சம் அடி விழலாம், ஆனால் அவர் ஏன் கிளம்பினார் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பண்ணையும் திருச்சபை வட்டமும். நார்வேயின் பல வட்டாரங்களுக்கு 'பிக்டபோக்' எனப்படும் ஊர் வரலாற்று நூல்கள் உண்டு. பண்ணை பண்ணையாக, யார் எப்போது குடியிருந்தார், பிள்ளைகள் யார் என்று அடுக்கியிருப்பார்கள். அருமையான சாதனம். ஆனாலும் அது பின்னாளில் ஒருவர் தொகுத்தது. பதிவேட்டோடு ஒத்துப்பார்க்காமல் அப்படியே படியெடுத்தால் அவருடைய தவறும் கூடவே வந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வழக்கம் தெரியாமல் ஏமாறுகிறவர்களும் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது பரவலான முறை. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயர். ஞானஸ்நானப் பதிவில் ஓலே கிடைத்ததும் 'ஆள் சிக்கிவிட்டார்' என்று நிறுத்திவிடக் கூடாது, அடக்கப் பதிவையும் புரட்ட வேண்டும். இரண்டு தாத்தாக்களும் ஓலே என்றால் உயிரோடு இரண்டு ஓலேக்கள் ஒரே வீட்டில் வளர்ந்ததும் உண்டு!

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவுக்கு வருவோம். அங்கே அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது வெறும் கதை. கப்பல் நிறுவனம் தந்த பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். அது திறந்ததே 1892-இல், அதற்குள் புல்வெளிக் குடும்பங்கள் பல நிலம் பிடித்து முடித்திருந்தன. 1850-களிலும் 60-களிலும் நார்வே பாய்மரக் கப்பல்கள் பெரும்பாலும் அன்று பிரிட்டன் வசமிருந்த கனடாவின் கியூபெக்கில்தான் ஆட்களை இறக்கின. 1849-இல் பிரிட்டன் தன் கப்பல் சட்டங்களைத் தளர்த்தியதால், போகும்போது குடியேறிகளையும் திரும்பும்போது மரத்தையும் ஏற்றுவது லாபமாக இருந்தது. கியூபெக்கின் பயணிகள் பட்டியல்கள் 1865-இலிருந்துதான் கிடைக்கின்றன. அதற்கு முன் கியூபெக்கில் இறங்கியவர்களை நியூயார்க்கில் தேடுவது வீண். ஊர் தேவாலயப் பதிவேட்டில் வெளியேறியவர்கள் பட்டியலைப் பார்க்கலாம், அதுவும் முழுமையாக இருக்காது. 1867 முதல் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், காவல்துறை வெளியேறுவோர் பட்டியல் வைத்தது. அதில் இருக்கும் கப்பல் பெயரைப் பார்த்து அதுவே அட்லாண்டிக்கைக் கடந்தது என்று நினைக்காதீர்கள். பலர் இங்கிலாந்தின் ஹல் வரை ஒரு கப்பல், அங்கிருந்து லிவர்பூலுக்கு ரயில், அப்புறம் பெரிய நீராவிக் கப்பல் என்று போனவர்கள்.

டகோட்டாவில் 1880-களில் நிலம் எடுத்தவர் நார்வேயிலிருந்து நேராக வந்தார் என்று எழுதிவிடுவதும் சகஜம். விஸ்கான்சினில் அண்ணன் வீட்டில் நாலு வருஷம், மினசோட்டாவில் கூலி வேலை, பிறகு டகோட்டா என்பதுதான் பலருடைய பாதை. 1890 அமெரிக்கக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் பாழானதால் இந்த நடுப்பகுதி காணாமல் போகிறது. மினசோட்டா 1885, 1895, 1905-இல் தனியாக எடுத்த கணக்கெடுப்புகள் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும். தேவாலயப் பதிவேடுகளும் உதவும். குடும்பம் திடீரென்று ஒரு தேவாலயத்தின் பதிவிலிருந்து மறைந்தால் ஊரைவிட்டுப் போனதாக அர்த்தமில்லை. 1880-களில் முன்விதிப்புக் கோட்பாடு, அதாவது யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்தார் என்ற கருத்து, பற்றி நார்வே லுத்தரன்கள் கடுமையாகச் சண்டை போட்டுச் சபைகளாகப் பிரிந்தார்கள். அதே சாலையில் அரை மைல் தள்ளி இன்னொரு தேவாலயத்தில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருக்கலாம்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் தந்தது. பதிவுக் கட்டணம் கட்டி, 5 ஆண்டு குடியிருந்து, பயிரிட்டுக் காட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பட்டாவின் படத்தை மட்டும் சேமித்துவிட்டுப் பலர் திருப்தியடைகிறார்கள். உண்மையான சுரங்கம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நிலக் கோப்பு. வீடு என்ன அளவு, எத்தனை ஏக்கர் உழுதார்கள், எப்போது குடிவந்தார்கள், சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும். அந்தச் சாட்சிகள் பெரும்பாலும் ஒரே நார்வே வட்டாரத்துக்காரர்களாக இருப்பார்கள். சொந்த ஊர் தெரியாதபோது அவர்கள் ஊரைத் தேடினால் வழி கிடைக்கும். நிலம் எடுத்தவர் ஆண்தான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். கைம்பெண்களும், 21 வயதான மணமாகாத பெண்களும் தங்கள் பெயரிலேயே எடுத்தார்கள்.

'ஆளில்லாத வெறும் புல்வெளி' என்று தாத்தாக்கள் சொன்னதையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். தெற்கு மினசோட்டா நிலம் 1851 ஒப்பந்தங்களில் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கப்பட்டது. 1862-இல் அவர்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த போருக்குப் பிறகு அவர்களையே மாநிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட் லேக்கில் டகோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலத்திலேயே 1904-இல் வெளியார் குடியேற அனுமதி வந்தது. அங்கே பண்ணை போட்டவர்களில் நார்வேக்காரர்கள் கணிசம். பட்டாவில் உள்ள நிலப் பிரிவு எண்ணையும் ஆண்டையும் ஒதுக்கீட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், உங்கள் குடும்பப் பண்ணை எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துவிடும்.