பி0011 வந்தால் முதலில் ஆயிலைப் பாருங்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனர் பி0011 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினால், டைமிங் செயினைக் கழற்ற அவசரப்படாதீர்கள். காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டான இன்டேக் கேம்ஷாஃப்ட், நேர அளவில் அளவுக்கு மீறி முன்னேறி நிற்கிறது என்பதே பொருள். அந்த நேர அளவை முன்பின் மாற்றுவது இன்ஜின் ஆயிலின் அழுத்தம். எனவே முதலில் டிப்ஸ்டிக். ஆயில் தார்போலக் கறுத்திருந்தால் ஃபில்டரோடு மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள்.

மறுபடி வந்தால், அந்த ஆயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றுங்கள். டொயோட்டா கொரோலாவில் அதன் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் காட்ட வேண்டும். வால்வுக்கு 12 வோல்ட்டை ஓரிரு நொடி மட்டும் கொடுங்கள். ‘டக்’கென்று உள்தண்டு நகர்ந்து, எடுத்ததும் முழுதாகத் திரும்ப வேண்டும். கசடு சிக்கிப் பாதியில் நின்றால், கோளாறு அதுதான். சுத்தம் செய்து, புது ஓ-ரிங்கோடு மாட்டுங்கள். கிராங்க்ஷாஃப்ட்டும் கேம்ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016-உம் சேர்ந்து வந்தால், செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.