கார்ட்லெஸ் ட்ரில் வாங்கப் போறீங்களா? மொதல்ல உங்க வீட்டு சுவரைப் பாருங்க

ஒரு கர்ட்டன் ராடு, ரெண்டு ஷெல்ஃப், லூஸான கதவு கீல், வருஷத்துக்கு ஒருதடவை பார்சல்ல வர்ற கட்டிலையோ மேஜையையோ பூட்டணும், பெரும்பாலான வீட்ல வேலை இவ்ளோதான். இதுக்கு எத்தனை வோல்ட் வாங்கலாம்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. உங்க சுவர் எதுல கட்டினதுன்னு மொதல்ல சொல்லுங்க, வோல்ட்டை அப்புறம் பேசலாம்.

செங்கல் சுவர்னா 12 வோல்ட் இம்பாக்ட் ட்ரில்லே (சுத்திக்கிட்டே தட்டவும் செய்றது) 6 எம்எம் ஓட்டை போட்டுடும், கொஞ்சம் பொறுமையா போடணும் அவ்ளோதான். வம்பு எங்கன்னா ஜன்னலுக்கு மேல, அங்க இருக்கிறது லிண்டல், அதாவது கான்கிரீட், கர்ட்டன் ராடு மாட்ட வேண்டியதும் கரெக்டா அங்கதான். மேல் பூச்சு ஒரு சென்டிமீட்டர் மளமளன்னு போகும், நாமளும் ஆஹா மெஷின்னா இதுடான்னு நினைப்போம், அப்புறம் ஒரே இடத்துல நின்னு கத்திக்கிட்டே இருக்கும், பிட், அதாவது துளைக்கிற கம்பி, அதோட முனை கருகிடும், பேட்டரி சூடாயிடும், ஓட்டை மட்டும் ஒரு நூல்கூட உள்ள போகாது. சாதா இம்பாக்ட் ட்ரில்ல உள்ள ரெண்டு பல்லுத் தட்டு உரசி கடகடன்னு ஆடுது, அவ்ளோதான் அதோட அடி. கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர் வேணும், எஸ்டிஎஸ்னு பின்பக்கம் காடி வெட்டின தனி பிட் போடுறது, அதுல பிஸ்டன் வெச்சு நெஜமாவே குத்தும். நாலு ஓட்டைக்காக அதை வாங்காதீங்க, ஒரு நாள் வாடகைக்கு எடுங்க, இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

புது ஃப்ளாட்ல வேற கதை. வெள்ளையா லேசா இருக்கிற ஏஏசி பிளாக்ல (உள்ள காத்துக் குமிழி நிறைஞ்ச சிமெண்ட் கல்லு) ஹேமர் மோட், அதாவது தட்டுற செட்டிங், போட்டீங்கன்னா ஓட்டை பொலபொலன்னு பெருசாகி, ஸ்க்ரூவுக்காக சொருகுற பிளாஸ்டிக் பிளக் உள்ள சும்மா சுத்தும். அதுக்கு ஹேமரை ஆஃப் பண்ணிட்டு வெறும் சுத்துல போடுங்க, பிளக்கும் அந்த பிளாக்குக்குன்னு தனியா விக்கிறதையே கேட்டு வாங்குங்க. எந்த சுவர்னு தெரியலன்னா வெளிய வர்ற தூளைப் பாத்தா போதும், செவப்பா வந்தா செங்கல், சாம்பல் கலர்ல வந்து பிட்டும் முரண்டு பிடிச்சா கான்கிரீட், வெள்ளையா மாவு மாதிரி கொட்டினா ஏஏசி.

இப்ப வோல்ட். 12ன்னு போட்டிருக்கிறது உள்ள மூணு செல், ஒண்ணு 3.6 வோல்ட், ஆக 10.8. ஃபுல் சார்ஜ்ல இருக்கும்போதுதான் 12 காட்டும். அதே மாதிரி 18ம் 20ம் ஒண்ணுதான், ரெண்டுலயும் அஞ்சு செல், 20க்காக கூட காசு குடுக்காதீங்க. நான் மொதல்ல ஆன்லைன்ல ரொம்ப மலிவா 48னு போட்ட ஒண்ணை வாங்கினேன், ரெண்டு மாசத்துல பேட்டரி போச்சு, பிரிச்சுப் பாத்தா உள்ள அஞ்சே செல். 48 வரணும்னா பதிமூணு செல் வேணும், அந்த டப்பாவுல எங்க வெச்சிருப்பான். ஏமாந்ததை வீட்ல இன்னும் சொல்லல.

என்னைக் கேட்டா லைட் வேலைக்கு 12 போதும். ஸ்டூல் மேல ஏறி தலைக்கு மேல கையைத் தூக்கி வேலை பாக்குறப்பதான் வெயிட்டோட அருமை தெரியும். உள்ள கார்பன் பிரஷ் உரசாத பிரஷ்லெஸ் மோட்டார் நல்லதுதான், சார்ஜ் கூட நேரம் நிக்கும், ஆனா மாசத்துக்கு ஒருதடவை எடுக்கிறவங்களுக்கு கார்பன் பிரஷ் மாடலே தாராளம். இன்னொண்ணு, இம்பாக்ட் ட்ரில் வேற, இம்பாக்ட் டிரைவர் வேற. டிரைவர் ஸ்க்ரூவை சுத்துற பக்கமாத்தான் அடிக்கும், சுவரைக் குத்தாது, பேரைப் பாத்து மாத்தி வாங்கிடாதீங்க.

கடையில கையில எடுத்ததும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குப் பின்னாடி நம்பர் போட்ட வளையம் இருக்கான்னு பாருங்க, அதுதான் கிளட்ச், ஸ்க்ரூ இறுகினதும் சுத்துறதை விட்டுடும். பார்ட்டிகிள் போர்டுல ஸ்க்ரூ போடும்போது சின்ன நம்பர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க, டிக் டிக்னு சத்தம் வந்தா நிறுத்திடணும். ட்ரில் படம் போட்ட இடத்துல வெச்சு ஸ்க்ரூ போட்டா மரம் பிய்ஞ்சு, அப்புறம் அந்த கீல் ஜென்மத்துக்கும் நிக்காது.

பேட்டரிதான் பெரிய செலவு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொண்ணுல சேராது, ஒரே கம்பெனியிலகூட சில சமயம் சேராது, பாஷ்ல நீலக் கலர் 18 வோல்ட் பேட்டரி பச்சைக் கலர் மெஷின்ல ஏறாது. அதனால பின்னாடி கிரைண்டர், ஜிக்ஸா எதாவது வாங்குற எண்ணம் இருந்தா எந்தக் குடும்பத்துல வாழ்க்கைப்படுறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க. விலை ரொம்பக் கம்மியா இருந்தா "பேர் டூல்"னு போட்டிருக்கான்னு பாருங்க, அதுல பேட்டரியும் வராது சார்ஜரும் வராது.

அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க கொண்டு வரேன்னா சார்ஜர்ல என்ன போட்டிருக்குன்னு கேளுங்க, வெறும் 120 வோல்ட்னா நம்ம 230ல சொருகின அன்னிக்கே புகைஞ்சிடும். ஃப்ளைட்ல தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில போடக்கூடாது, கைப்பையிலதான் கொண்டு வரணும், 100 வாட் ஹவருக்குள்ள இருக்கணும். வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க, 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர்னா 90, பிரச்சனையில்லை.

சில வீட்ல ட்ரில் வெளிய வர்றதே ஆயுத பூஜைக்கு சந்தனப் பொட்டு வாங்கத்தான். அப்படின்னா பேட்டரியைக் கழட்டி பாதி சார்ஜ்ல வெச்சுடுங்க, மே மாச வெயில்ல கார் டிக்கியில மட்டும் போட்டு வெக்காதீங்க.

மெஷினோட வர்ற பிட் செட்டை நம்பாம நல்ல 6 எம்எம் மேசன்ரி பிட் (சுவருக்கான பிட்) ஒண்ணு தனியா வாங்குங்க. டைல்ஸ்னா அதுக்குன்னு இருக்கிற பிட்டு, மேல ஒரு துண்டு டேப்பை ஒட்டிட்டு ஹேமர் இல்லாம மெதுவா. பிளக் நீளத்துக்கு பிட்லயும் டேப் சுத்திக்கோங்க, ஆழம் தெரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் மட்டும் ஓட்டை போடவே போடாதீங்க, வயர் பைப் அந்த வழியாத்தான் இறங்கும்.