கடிக்கிற குட்டி வழிக்கு வந்த விதம்

திருவையாறு பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்டு நாய்க்குட்டிக்குக் கை, கால், மகளின் கொலுசு, எதைக் கண்டாலும் கடிதான். "மூக்குல ஒண்ணு போடுங்க, சரியாயிடும்" என்றார்கள் தெருவில். எனக்கு மனசு வரவில்லை. அடி வாங்கிய குட்டி கையைக் கண்டாலே பயப்படும், அப்புறம் பயத்திலேயே கடிக்கும்.

பல் பட்ட உடனே விளையாட்டை நிறுத்தினோம். சத்தம் போடாமல் எழுந்து, திண்ணையை விட்டு உள்ளே போய்விடுவோம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருவோம். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் சிரித்துக் கொஞ்சினாலும் குட்டி குழம்பிவிடும்.

நான்கு மாத வாக்கில் பால்பல் விழத் தொடங்கும், ஈறு அரிக்கும். பழைய காசித்துண்டை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, பிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தேன். முன்னங்கால் இரண்டாலும் அதை அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி மெல்லும்! நூல் பிரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கும்.

தூக்கம் கெட்டாலும் கடி கூடும். குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். சாயங்காலம் வெறி பிடித்தாற்போல் ஓடினால் பெரும்பாலும் அது தூக்கக் கலக்கம்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. வயல் எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். தடுப்பூசி போடும்போது அதற்கும் சேர்த்துப் போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசி முடியும்வரை வாய்க்கால் பக்கம் இறக்கிவிட வேண்டாம்.