கிளட்ச் போச்சு என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்

பெடல் தரை வரை இறங்கி கியர் விழவில்லையா? உடனே "பிளேட் போச்சு" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் பெடலின் அழுத்தத்தை கிளட்சுக்குக் கடத்தும் ஃப்ளூயிட் (பிரேக் ஆயில்) அளவைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அளவு குறைந்தால் பிரேக்குக்கும் ஆபத்து. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஃப்ளூயிடைத் தள்ளுவது), ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சை விடுவிப்பது) பக்கம் கசிவு இருக்கிறதா? ஃப்ளூயிடுக்குப் பதில் கேபிளில் இயங்கும் கிளட்சானால் கேபிள் அறுந்திருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் வண்டிகளில் இதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

பிளேட் தேய்ந்தால் அடையாளம் வேறு: மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் கருகும்.

கியர்பாக்ஸ் இறங்கினால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றுவது போலிச் சிக்கனம். கிராங்க் ஆயில் சீல் (எஞ்சின் எண்ணெய் கிளட்ச் பக்கம் வராமல் தடுக்கும் வளையம்) கசிகிறதா, பிளேட் அழுந்தும் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டால் வரும் நீலத் திட்டோ விரிசலோ உண்டா என்று நேரில் பாருங்கள். கசியும் சீலை விட்டுவைத்தால் புது பிளேட்டிலும் எண்ணெய் இறங்கி வழுக்கும். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டுமென்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் பார்ட் எண் இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்போது கிளப்பலில் உதறல், பெடலை மிதித்தால் இரைச்சல், ரிவர்ஸ் கியரில் உரசல் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். இருந்தால் "செட்டாக நாளாகும்" என்ற பதிலை ஏற்காமல் வண்டியை அங்கேயே விட்டு, குறையை எழுத்தில் கொடுங்கள்.