ஸ்கேட்டைக் கழற்றியும் விடாத கால்வலி

கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள ரிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பாதை. போன பிப்ரவரியில் ஒரே மூச்சில் போய்த் திரும்பினேன். மூன்று வாரமாகியும் வலது பாதத்தின் மேற்புறம் வலி போகவில்லை.

பெருவிரலைத் தூக்கியபடி, ஸ்கேட் கயிறு குறுக்கே ஓடிய இடத்தை அழுத்திப் பாருங்கள். புடைத்து நிற்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) சுள்ளென்று வலித்தால், பெரும்பாலும் இறுக்கிக் கட்டியதுதான் காரணம்.

வலி அடங்கும்வரை ஸ்கேட்டைத் தொடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் கட்டும் முறை: வலிக்கும் இடத்துக்கு நேரான துளைகளை மட்டும் விட்டுவிட்டுக் கட்டுங்கள். ஸ்கேட் ஷூவின் நாக்கு நடுவில் நிற்கட்டும், அந்த நாக்குக்கு அடியில் மெத்தென்ற ஜெல் பட்டை இருக்கட்டும். எனக்குக் கைகொடுத்தது இதுதான். நடக்கிற ஷூவையும் தளர்த்தியே கட்டுங்கள்.

எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்; எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.