வேறு வேலையிலிருந்து ஒப்பனைத் தொழிலுக்கு வருவது எப்படி?

ஒப்பனைக் கலைஞராக வேண்டும் என்று சிறு வயதிலேயே முடிவெடுத்து வந்தவர்களைவிட, வேறு வேலையில் இருந்தபோது உறவினர் திருமணத்திலோ அலுவலக நாடகத்திலோ கடைசி நேரத்தில் பிரஷ்ஷைக் கையில் எடுக்க நேர்ந்து, பிறகு அதைக் கீழே வைக்க மனம் வராமல் போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நானும் அவர்களில் ஒருத்தி. திரைப்பட ஒப்பனையின் முன்னோடியான மேக்ஸ் ஃபேக்டர்கூடப் பொய்முடி செய்யும் தொழிலிலிருந்து வந்தவர்தான். மேடைக்கான கெட்டிப் பூச்சு கேமராவின் முன் வெடிப்பு விட்டுத் தெரிவதைக் கண்டு, மெல்லிதாகப் பூசக்கூடிய கிரீம் ஒன்றை 1914-இல் அவர் உருவாக்கினார்.

முதலில், இது ஆசையா தொழிலா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். தன் முகத்துக்கு நன்றாகப் போட்டுக்கொள்ளத் தெரிவதை இதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். தன் முகம் பல வருடம் பழகிய முகம். மூன்று மாதங்களுக்குள் இருபது பேருக்கு இலவசமாக ஒப்பனை செய்து பாருங்கள். அவர்களில் அறுபதைக் கடந்த ஒருவரும், முகப்பரு உள்ள ஒருவரும், மூக்குக்கண்ணாடி அணிபவர் ஒருவரும், ஓர் ஆணும் கட்டாயம் இருக்கட்டும். முடித்தவுடன் ஜன்னலருகே ஒரு படமும், நான்கு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படமும் எடுங்கள். மூக்கின் ஓரத்தில் எங்கே திரிந்தது, கண்ணுக்குக் கீழே எந்த மடிப்பில் பவுடர் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த இரண்டாவது படம் சொல்வதுபோல் எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். பதினைந்தாவது முகத்திலேயே சலிப்புத் தட்டினால், இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கண் ஒப்பனையின் வண்ணங்கள்தாம் எல்லோரையும் இழுக்கின்றன என்றாலும், சருமத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கே அதிக நாட்களைச் செலவிடுங்கள். முகம் முழுதும் சரும நிறத்தில் பூசும் அடிப்பூச்சான ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றிவிடும். மூன்று நிறங்களைக் கீழ்க்கன்னத்திலிருந்து தாடை வழியாகக் கழுத்து வரை மெல்லிய கோடுகளாக இழுத்து, பத்து நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் பூசிய சிறிது நேரத்தில் கருத்துவிடும் என்பதால்தான் இந்தப் பொறுமை. எந்தக் கோடு முகத்திலும் கழுத்திலும் ஒருசேரக் கரைந்து காணாமற்போகிறதோ அதுவே பொருத்தமான நிறம். நீலம் பாய்ந்த கருவளையத்தை ஆரஞ்சு சாயல் கொண்ட கரெக்டர் என்னும் நிறத்திருத்தப் பூச்சும், பருவின் சிவப்பைப் பச்சையும் தணிக்கும். இதை அறியாதவர்கள்தாம் குறைகளை மறைக்கும் கன்சீலரை அடுக்கடுக்காக ஏற்றி, முகத்தைச் சுவராக்கிவிடுகிறார்கள்.

என் தொடக்கக் காலத் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நேரில் பார்க்கக் குறையே தெரியாத ஒரு மணப்பெண்ணின் முகம், புகைப்படங்களில் கண்ணுக்குக் கீழே மட்டும் வெள்ளையடித்தாற்போல் வந்தது. நான் தாராளமாகப் போட்டிருந்த சிலிக்கா பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்திருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ கலந்த சன்ஸ்கிரீன்களும் இதே வேலையைச் செய்யக்கூடும். அன்றிலிருந்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் யாரையும் நாற்காலியிலிருந்து எழவிடுவதில்லை.

சுத்தத்தில் நான் கறார். உங்களையும் அப்படியே இருக்கச் சொல்வேன். லிப்ஸ்டிக்கை நேரடியாக உதட்டில் வைக்கக் கூடாது. சிறு ஸ்பாட்டுலாவால் சுரண்டி, ஸ்டீல் தட்டில் எடுத்து, பிரஷ்ஷால் தீட்ட வேண்டும். மஸ்காராவுக்கு ஒருமுறை தொட்டவுடன் எறிந்துவிடும் குச்சியைப் பயன்படுத்துங்கள். திறந்து மூன்று மாதமான மஸ்காராவைக் குப்பையில் போடுங்கள். கருவிகளைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹாலே ஏற்றது. அதிலுள்ள நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்துவதால், அதைவிடச் செறிவானதைக் காட்டிலும் இதுவே கிருமிகளை நன்றாகக் கொல்லும். பிரஷ்களைக் கழுவும்போது முடி கீழ்நோக்கி இருக்கட்டும். தண்ணீர் கைப்பிடிப் பக்கம் இறங்கினால் பசை விட்டு முடி உதிரும். ஒவ்வாமைச் சோதனையை நிகழ்ச்சிக்கு 24 முதல் 48 மணி நேரமாவது முன்னதாக, ட்ரையல் எனப்படும் முன்னோட்ட ஒப்பனை நாளிலேயே முழங்கையின் உட்புறத்தில் செய்துவிடுங்கள். ஒட்டு இமைப் பசைகள் சிலவற்றில் லேடெக்ஸ் என்னும் ரப்பர் பால் இருப்பதால், அது ஒத்துக்கொள்ளுமா என்றும் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். கண் சிவந்து நீர் வடியும் நிலையில் வருபவருக்குக் கண் ஒப்பனை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

ஒப்பனைப் பொருள்கள் அடங்கிய கிட் வாங்கும்போது ஐம்பது நிறப் பெட்டிகளில் மயங்காமல், ஒன்றோடொன்று கலந்து இடைநிறம் உண்டாக்கக்கூடிய ஐந்தாறு ஃபவுண்டேஷன்களும் பத்து நல்ல பிரஷ்களும் வாங்கினால் போதும். மிச்சப்படும் பணத்தை, பகல் ஒளிக்கு நெருக்கமான 5,500 கெல்வின் விளக்குக்கும் உயரமான மடக்கு நாற்காலிக்கும் செலவிடுங்கள். நாற்காலி வாடிக்கையாளருக்காக அன்று, உங்கள் முதுகுக்காக. பயிற்சி வகுப்பில் சேர்வதானால், சான்றிதழைப் பற்றிக் கேட்பதற்கு முன் எத்தனை உயிருள்ள முகங்களில் கைவைக்க விடுவார்கள் என்று கேளுங்கள். மூத்த கலைஞர் ஒருவரிடம் சில மாதங்கள் பிரஷ் எடுத்துக் கொடுத்து உடனிருப்பது அதைவிட மேல். கட்டணம் வாங்கி ஒப்பனை செய்ய உரிமம் கேட்கும் இடங்களும் உண்டு. உங்கள் பகுதியின் விதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

பழைய வேலையை வீணான காலம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. செவிலியராக இருந்தவருக்குச் சுத்தமும், ஆசிரியராக இருந்தவருக்குப் பதற்றத்தில் இருப்பவரை அமைதிப்படுத்தும் பேச்சும், தையல்காரருக்கு இடவல ஒப்புமையைக் காணும் கண்ணும் ஏற்கெனவே கைவந்தவை. எனக்குக் கைகொடுத்தது கணக்கு. புதிதாக வருபவர்கள் நாற்காலியருகே நிற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் சொல்லிவிட்டு, ட்ரையல், பயணம், தீர்ந்துபோகும் பொருள், வீடு திரும்பியபின் பிரஷ் கழுவும் ஒரு மணி நேரம் ஆகியவற்றைக் கையிலிருந்து கொடுக்கிறார்கள். இவை அனைத்தையும் சேர்த்துத் தொகையைச் சொல்லுங்கள்; அட்வான்ஸையும், ரத்தானால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். திருமணப் பருவத்தின் வருமானத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள், அடுத்து வரும் வெற்று மாதங்களில் திணறியதைக் கண்டிருக்கிறேன். நான் சனி, ஞாயிறுகளில் மட்டும் முன்பதிவு ஏற்று, வேலையே வராத மாதங்களையும் சேர்த்து 12 மாதங்களின் வரவு செலவை முழுதாக எழுதிப் பார்த்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன்.