அடீனியம்: மாரி வரும்போது சாடியைத் தொடாதீர்கள்

மாரி விட்டுத் தை பிறக்கும் நேரத்தில், வன்னியில் அடீனியம் என்கிற பூச்செடி (பாலைவன ரோசா) வளர்க்கிற வீடுகளிலிருந்து ஒரே கதைதான் வரும். "கார்த்திகை வரைக்கும் நல்லா நிண்டது அக்கா, திடீரெண்டு சரிஞ்சு போச்சு." அது திடீரென்று சரியவில்லை. சரிவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைப் புதிதாக வளர்ப்பவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். வெயில் வேண்டும், நீர் தேங்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலரி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அடீனியத்தின் குடும்பமும். சகாராவுக்குத் தெற்கே செனகலில் தொடங்கிச் சூடானைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரையிலும், கடலுக்கு அப்பால் யேமன், ஓமான் பக்கமும் தானாக வளர்கிற செடி இது. நீண்ட வரட்சி, குறுகிய மழை, கல்லும் மணலுமான நிலம். அந்த வரட்சியைத் தாங்குவதற்குத்தான் பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து வைக்கிறது. நாங்கள் கிழங்கு என்று சொல்வது அதைத்தான். இந்தச் செடியின் பலமும் பலவீனமும் அந்தக் கிழங்கிலேயே இருக்கின்றன.

முதல் மழையோடு சாடி மாற்றுவது

வன்னியில் வளர்ந்த யாருக்கும் இது கையோடு வந்த பழக்கம். காலபோக நெல் விதைப்பு மழையோடுதான். தென்னம்பிள்ளை, மாங்கன்று, தேக்கு எதுவானாலும் நிலம் நனைந்த பிறகுதான் குழியில் வைப்போம். கார்த்திகை வந்தால் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் மரநடுகை நடக்கும். வேர் புதுமண்ணைப் பிடிக்கும்வரை ஈரம் வேண்டும், வெயில் தணிய வேண்டும். அதற்கு மாரியைவிட நல்ல காலம் இங்கே இல்லை. இந்தக் கணக்கு மற்ற மரங்களுக்குச் சரி. அடீனியத்துக்கு நேர் எதிர்.

சாடி மாற்றும்போது கட்டாயம் வேர் அறுபடும். கிழங்கு நன்றாக வெளியே தெரிய வேண்டும் என்று செடியை உயர்த்தி வைப்பவர்கள் கீழ் வேர்களை வேண்டுமென்றே வெட்டுவார்கள். அந்த வெட்டுக்காயம் காய்ந்து பொருக்கு விட வேண்டும். காயாமல் ஈரமண்ணுக்குள் போனால், நீரில் பெருகும் பூசணங்கள் அந்த வழியாகவே கிழங்குக்குள் நுழைந்துவிடும். வேர் இல்லாத செடியால் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சவும் முடியாது. மேலே முகில் மூட்டம், காற்றில் ஈரம், ஒரு கிழமைக்கு வெயிலே இல்லை. மண் காய வழியில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சாடி மாற்றுவது செடியைக் கொண்டுபோய் அழுகலிடம் ஒப்படைக்கிற வேலை.

இதில் மோசம் என்னவென்றால், செடி எங்களை ஏமாற்றிவிடும். கிழங்கில் இருக்கும் நீரைக் கொண்டே இலை பல நாள் பச்சையாக நிற்கும், சில வேளை புதுத் துளிரும் விடும். பார்ப்பவருக்கு வேர் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

முள்ளியவளைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி ஒரு மார்கழியில் தன் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விதையிலிருந்து அவளே வளர்த்த செடி. கிழங்கு இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்குப் பருத்திருந்தது. "ஐப்பசியில சாடி மாத்தினனான் அக்கா. மழையோட வைச்சா பிடிச்சிடும் எண்டு அம்மம்மா சொன்னவா. இப்ப ரெண்டு இலை மஞ்சளாகுது, எரு காணாதோ?" என்று கேட்டாள். மண்ணோடு ஒட்டியிருந்த இடத்தில் கிழங்கைப் பெருவிரலால் அழுத்தினேன். தோல் மட்டும் நின்றது, விரல் உள்ளே போனது. கபில நிறத் தண்ணீரும் புளித்த நாற்றமும் வந்தன. கத்தியைத் துடைத்துத் துடைத்துக் கீழிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டு மேலே போனோம். நல்ல சதை வெள்ளையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் நடுவில் கபிலம் தெரிந்தது. கிளை பிரிகிற இடத்தை அடைந்த பிறகும் அது போகவில்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

அம்மம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவர் அறிந்த மரங்களுக்கு அவர் சொன்னது சரி. காசுக்குக் கன்று விற்பவர்கள் "மழை தொடங்கீட்டுது, இப்ப மாத்துங்கோ, நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லி, கன்றோடு சேர்த்துப் புதுச் சாடியையும் விற்றுவிடுகிறார்களே, அதுதான் இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது. ஒட்டுக்கன்று ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில். பணமாவது திரும்ப வரும், விதையிலிருந்து பருக்க வைத்த கிழங்கை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

வீடியோ பார்த்துச் செய்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். அடீனிய வளர்ப்பில் தாய்லாந்துக்காரர் கெட்டிக்காரர், அவர்கள் செய்முறையைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே மழை வைகாசியளவில் தொடங்கி ஐப்பசியோடு அடங்கும், கார்த்திகை அவர்களுக்கு வரண்ட காலம். அந்த மாதத்தில் அவர்கள் வேரை வெட்டிக் காட்டினால் அவர்களுக்குச் சரி. எங்களுக்கு அதே மாதத்தில்தான் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் மேல் தாழமுக்கமாக வருகிறது. கையைப் பாருங்கள், மாதத்தைப் பார்க்காதீர்கள்.

இங்கே சாடி மாற்ற நல்ல காலம் மாசி நடுவிலிருந்து வைகாசி வரை. கட்டாயம் என்றால் ஆடி வரை போகலாம். ஆவணி பிறந்த பிறகு வேரில் கை வைக்க வேண்டாம். மழைக்கு முன் புதுவேர் சாடி முழுக்க ஓடியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஒரு கிழமை முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். செடியை எடுத்து மண்ணை உதறி, வேண்டாத வேரைச் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கிழமை, பருத்த வேரை வெட்டியிருந்தால் பத்து நாள். வெட்டுவாயை நகத்தால் தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். அப்போதுதான் காய்ந்த மண்கலவையில் வைக்கலாம். வைத்தும் நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம். செடி செத்துவிடும் என்று பயப்படாதீர்கள், கிழங்கில் நீர் இருக்கிறது.

மழைக் காலத்தில் சாடி மாறாத, வேரோடிய செடியை மழை அவ்வளவு சுலபமாகக் கொன்றுவிடாது. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையால் புரேவிப் புயல் கரையேறியபோது நாள் கணக்கில் நனைந்த பழைய செடிகள் என்னிடம் இன்றைக்கும் நிற்கின்றன. தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னவுடன் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுங்கள். இழுக்க முடியாத பெரிய சாடியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். விழுகிற மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும். நாலு நாள் படுத்திருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது.

கிழங்கு மெதுமெதுப்பானால் தண்ணீர் ஊற்றுவது

மெதுமெதுப்பு இரண்டு வகை. தாகத்தில் வருவது கிழங்கு முழுக்க ஒரே சீராக இருக்கும், தோல் சுருங்கும், நாற்றம் இராது. தண்ணீர் விட்டால் சில நாளில் திரும்பக் கெட்டியாகும். அழுகலில் வருவது ஒரு பக்கத்தில், பெரும்பாலும் மண்மட்டத்தில், தொடங்கும். தோல் கறுக்கும், அழுத்தினால் நீர் கசியும். இரண்டிலும் இலை மஞ்சளாகும் என்பதால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். அழுகல் என்றால் அன்றைக்கே பிடுங்கி, வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, பூசணக்கொல்லித் தூள் தடவிக் காயவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அந்த ஒரு நாளில் இன்னும் மேலே ஏறிவிடும்.

வயல்மண்ணும் மாட்டெருவும்

தோட்டத்துக்கு எடுத்த அதே மண்ணையும் எருவையும் கலந்து வைக்கிறார்கள். எங்கள் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இரண்டு நிலையிலும் வேருக்குக் காற்று கிடையாது. நான் பாவிப்பது கழுவிய பருமணலும் உடைத்த ஓட்டுத்துண்டும் பாதிக்கு மேல், மீதி உமிக்கரியும் கொஞ்சம் தும்புத்தூளும், நன்றாக மக்கிய எரு ஒரு பிடி. நெல் ஆலைகள் இருக்கிற ஊரில் உமிக்குத் தட்டுப்பாடு இல்லை, வாங்கி மூட்டமாகக் கருக்கிக்கொள்ளலாம். கலவை சரியா என்று பார்க்க ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே குளமாக நிற்காமல் உடனே அடியால் ஓட வேண்டும்.

தும்புத்தூள் மட்டும் நிரப்பின சாடியில் வருகிற கடைக்கன்றுகளை அப்படியே மாரிக்குள் விடாதீர்கள். அது நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசியில் வாங்கிவிட்டீர்களா? சாடியை மாற்றாமல் கூரைக்குக் கீழே வைத்து, மாசி வரை பொறுத்திருங்கள்.

கடல்மணல்

மிக நுண்ணிய மணல், உப்பும் உண்டு. வேண்டாம்.

சாடிக்கு அடியில் தட்டு

எடுத்துவிடுங்கள். நுளம்பும் குறையும்.

பாலைவனச் செடி என்று பட்டினி போடுவது

அழுகலுக்குப் பயந்தவர்கள் அடுத்துச் செய்கிற பிழை இது. அதன் சொந்த நிலத்திலும் அது வளர்வது மழை கிடைக்கிற காலத்தில்தான். வரட்சியில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். பங்குனியிலிருந்து ஆவணி வரை எங்கள் வெயிலில் அதற்கு நல்ல பசியும் தாகமும் உண்டு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் சிறிய மண்சாடி ஒரே நாளில் காய்ந்துவிடும். மேல்மண் காய்ந்த ஒவ்வொரு முறையும், அடியால் ஓடும்வரை தாராளமாக ஊற்றுங்கள். நாளும் ஒரு கை தெளிப்பது எதற்கும் உதவாது. எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் அது வெள்ளைப் பொருக்காக மண்ணிலேயே தங்கிவிடும், நிறைய ஊற்றினால் கழுவிக்கொண்டு போகும்.

வெட்டப் பயப்படுவது

பூ கிளை நுனியில்தான் வரும். நாலு கிளை என்றால் நாலு கொத்து. மாசி, பங்குனியில் துணிந்து வெட்டினால் ஒரு கிளை இரண்டாக, மூன்றாகப் பிரியும். மழைக்குள் வெட்டினால் வெட்டுவாயால் அழுகல் இறங்கும். காலம்தான் இங்கேயும் முக்கியம்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

அடுக்குப் பூ பூக்கிற கன்றுகள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அது அடிச்செடியின் துளிர், வேகமாக வளர்ந்து மேலே உள்ளதை நலிய வைக்கும். "பெரிய கிளை வருது" என்று சந்தோசப்பட்டு விட்டுவிட்டு, பிறகு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், பூ மாறிப்போச்சு என்கிறார்கள். கண்டவுடன் கிள்ளுங்கள்.

அதேபோல, அடுக்குப் பூச் செடியின் விதையிலிருந்து அதே பூவை எதிர்பார்க்க வேண்டாம். விதைக்கன்றின் சிறப்பு கிழங்கில். தடி வெட்டி நட்டால் அந்த அழகான உருண்டை கிடைக்காது. காய் இரட்டைக் கொம்பாக நீண்டு முற்றுகிறபோது நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் வைத்த விதை, காய் வெடித்தால் சோளகத்தில் பறந்துவிடும். புது விதை ஒரு கிழமையில் முளைக்கும்.

மண்ணில் கிடக்கும் கறுப்பு எச்சம்

காலையில் இலையெல்லாம் காணாமல் போயிருந்தால் நத்தையைத் தேடாதீர்கள். சாடி மண்ணில் மிளகளவு, அதைவிடப் பெரிதாகக் கறுப்பு எச்சம் கிடந்தால் மேலே பச்சைப் புழு இருக்கிறது. பெருவிரல் பருமன், தலைக்குப் பின்னால் கண்போல இரண்டு நீலப் புள்ளி. அலரிக்கும் நந்தியாவட்டைக்கும் வருகிற அதே புழுதான். இலையின் நிறத்திலேயே இருப்பதால் நாலு முறை பார்த்தும் தெரியாது, தண்டோடு தண்டாகத் தடவிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம்.

மத்தியான வெயிலில் வேப்பெண்ணெய்

இலை கருகும். மாலையில் தெளியுங்கள்.

வெட்டியதை வேலிக்கு வெளியே வீசுவது

இதன் பால் நஞ்சு, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆபிரிக்காவில் இதை அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைகளில் ஆடு மேயாத நாளில்லை. நிற்கிற செடியை விலக்குகிற ஆடும், வாடிக் கிடக்கிற கிளையைக் கடித்துப் பார்க்கும். வெட்டிய கிளையையும் வேரையும் குழி தோண்டிப் புதையுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் கண்ணைத் தொட வேண்டாம்.